குளிர்காலச் சைக்கிளுக்கு ஒரு சின்ன முன்விளக்கு: லூமென் எண்ணை நம்பாமல் வாங்குவது எப்படி?

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் சைக்கிளுக்கு முன்விளக்கு தேடிப் போனால், முதலில் கண்ணில் படுவது லூமென் எண்தான், அதாவது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. 400, 800, 1,200, 3,000 என்று ஏறிக்கொண்டே போகும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். எதிரே வருபவர் கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறார். ஓட்டுபவருக்கோ பத்து மீட்டர் முன்னால் இருக்கும் பள்ளம் தெரிவதில்லை. முக்கால் மணி நேரத்தில் விளக்கும் அணைந்துவிடுகிறது.

கையைக் கடிக்காத விலையில், பைக்குள் அடங்குகிற அளவில் ஒன்று வேண்டுமென்றால் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. வெளிச்சம் சாலையில் எங்கே விழுகிறது, பேட்டரிக்குள் எத்தனை வாட்-மணி மின்னாற்றல் இருக்கிறது. கிளாம்ப், பட்டன், தண்ணீர்த் தடுப்பு எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

ஹேண்டில்பாரில் மாட்டுகிற, உள்ளேயே பேட்டரி உள்ள, 150 கிராமுக்குள் அடங்கும் விளக்குகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சக்கரம் சுழலும்போதே மின்சாரம் தரும் ஹப் டைனமோ அருமையான சாதனம், சார்ஜ் கவலையே கிடையாது. ஆனால் அதற்குச் சக்கரத்தையே மாற்ற வேண்டும், செலவு வேறு ரகம்.

1. கடைக்குப் போகுமுன் பாதையை எழுதுங்கள்

ஒரு துண்டுத் தாள் போதும். இருட்டில் ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை நிமிடம் ஓட்டுவீர்கள்? அதில் தெருவிளக்கு இல்லாத பகுதி எவ்வளவு? வழக்கமான வேகம் என்ன? அந்த நேரத்தில் வெப்பநிலை எவ்வளவு வரை இறங்கும்? சைக்கிள் நாள் முழுக்க வெளியே நிற்குமா, உள்ளே நிற்குமா?

வேகத்தை ஏன் கேட்க வேண்டும் என்றால், விளக்கு எவ்வளவு தூரம் காட்ட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மணிக்கு 20 கி.மீ. என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறீர்கள். ஒரு தடையைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி பிடிக்கும் என்று வைத்தால், அதற்குள்ளேயே 8 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் நிற்க இன்னொரு 8 மீட்டர். ஆக 16 மீட்டர். அதே ஈரச் சாலையில் 30 கி.மீ. வேகம் என்றால் கிட்டத்தட்ட 30 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தேவைப்படும் தூரம் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. தரையில் பனி உறைந்திருந்தால் 20 கி.மீ. வேகத்துக்கே 24 மீட்டர் ஆகிவிடும்.

தெருவிளக்கு உள்ள சாலை மட்டும்தான் என்றால் மற்றவர்கள் உங்களைப் பார்த்தால் போதும். 100 முதல் 200 லூமென் தாராளம். தெருவிளக்கே இல்லாத தார்ச்சாலைக்கு 300 முதல் 500 வரை, ஒளியின் வடிவம் நன்றாக இருந்தால். காட்டுப்பாதைக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் குட்டி விளக்குகள் போதாது.

2. லூமென் வேறு, லக்ஸ் வேறு

பாய்ச்சிய தண்ணீர் மொத்தம் எவ்வளவு என்பது லூமென். அதில் செடியின் வேரடிக்குப் போனது எவ்வளவு என்பது லக்ஸ். விளக்கு மரக்கிளைக்கும் மேகத்துக்கும் வாரி இறைக்கும் ஒளியும் லூமென் கணக்கில் சேரும். சாலையில் விழுவது மட்டும்தான் உங்களுக்குப் பயன்.

பெட்டியில் லக்ஸ், கேண்டெலா (ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற அளவு), எட்டும் தூரம் என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தெரிந்தால் இரண்டு விளக்குகளை ஒப்பிடலாம்.

கேண்டெலா கொடுத்திருந்தால் 100ஆல் வகுங்கள். 10 மீட்டர் தொலைவில் எத்தனை லக்ஸ் என்று கிடைக்கும். 4,000 கேண்டெலா என்றால் 40 லக்ஸ்.

'ஒளி எட்டும் தூரம் 100 மீட்டர்' என்று இருந்தால் அதைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். டார்ச்சு விளக்குகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரமுறையில், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் அந்தத் தூரம். அது முழுநிலவு வெளிச்சம். அதில் பள்ளத்தைப் பார்த்து ஓட்ட முடியாது. தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி நாலால் வகுத்தால் கேண்டெலா வரும். 100 மீட்டருக்கு 2,500 கேண்டெலா, அதாவது 10 மீட்டரில் 25 லக்ஸ். 60 மீட்டர் என்று போட்டிருந்தால் 900 கேண்டெலா, வெறும் 9 லக்ஸ்.

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 10 மீட்டரில் 40 லக்ஸ் தரும் விளக்கு 20 மீட்டரில் 10 லக்ஸ்தான் தரும். இருண்ட சாலையில் 20 கி.மீ. வேகத்துக்கு 10 மீட்டரில் 30 முதல் 50 லக்ஸ் வரை உள்ளது வசதியாக இருக்கும்.

லூமென் மட்டும் போட்டு, லக்ஸும் இல்லை, கேண்டெலாவும் இல்லை, தூரமும் இல்லை என்றால் அந்த விளக்கைச் சுவரில் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

3. ஒளியின் வடிவத்தைப் பாருங்கள்

மலிவு விளக்குகளில் பெரும்பாலானவை டார்ச்சு லைட்டுதான். கிளாம்ப் சேர்த்துச் சைக்கிள் விளக்கு என்று விற்கிறார்கள். சுவரில் அடித்தால் வட்டமாக விழும். வட்டத்தின் மேல்பாதி எதிரே வருபவரின் கண்ணுக்கும் மரங்களுக்கும் போகிறது. கீழ்ப்பாதியிலும் சக்கரத்துக்கு அருகே பளீரென்றும் தூரத்தில் மங்கலாகவும் இருக்கும். அருகில் பளீரென்று இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை: கண்பாவை அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிக்கொண்டு, தூரத்தில் இருப்பதைக் காட்டாமல் விட்டுவிடும்.

சைக்கிளுக்கென்றே செய்த விளக்கைச் சுவரில் அடித்தால் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேர்கோடாக இருக்கும். கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் அதிக வெளிச்சம். கீழே இறங்க இறங்கக் குறையும். காரின் தாழ்ஒளி மாதிரி. கூடுதலாகச் செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் லூமெனுக்குக் கொடுக்காமல் இந்த வடிவத்துக்குக் கொடுங்கள்.

இதை எளிதாக அடையாளம் காண ஒரு வழி: ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதியான எஸ்டிவிஇசட்ஓ-வின்படி அனுமதி பெற்ற விளக்குகளில் வளைகோட்டை அடுத்து 'கே' என்ற எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த விதி, ஒளிமையம் 10 மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும் என்றும், அதற்கு 3.4 டிகிரி மேலே 2 லக்ஸைத் தாண்டக் கூடாது என்றும் கேட்கிறது. நீங்கள் எந்த நாட்டில் ஓட்டினாலும் அந்த முத்திரை, 'எதிரே வருபவர் கண் கூசாது' என்பதற்கு நம்பகமான சாட்சி.

இதில் ஒரு பொறி உண்டு. நேர்கோட்டு விளிம்பு உள்ள விளக்கைத் தலைகீழாக மாட்டக் கூடாது. ஹேண்டில்பாருக்குக் கீழே தொங்கவிட நினைத்தால், கீழே மாட்டவே செய்த மாடலா என்று கேளுங்கள். தலைகீழானால் வெளிச்சம் முழுக்க வானத்துக்குப் போய்விடும்.

மஞ்சள் ஒளி மூடுபனியைக் கிழிக்கும் என்ற பேச்சை அதிகம் நம்ப வேண்டாம். மூடுபனித் துளிகள் ஒளி அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். மூடுபனியிலும் கொட்டும் பனியிலும் உதவுவது நிறமல்ல, இடம். விளக்கு கண்ணுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தலைக்கவசத்தில் மாட்டிய விளக்கு, பனி கொட்டும்போது கண்முன் வெள்ளைத் திரை கட்டிவிடும்.

4. பேட்டரிக் கணக்கைக் கடையிலேயே போடுங்கள்

இதுதான் ஏமாற்று அதிகம் நடக்கும் இடம். ஆனால் கைபேசிக் கால்குலேட்டரில் அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

பேட்டரியின் கொள்ளளவு எத்தனை எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று பாருங்கள். 1,000ஆல் வகுத்து, லித்தியம் செல்லின் வோல்ட் அளவான 3.6ஆல் பெருக்கினால் வாட்-மணி. நல்ல சைக்கிள் விளக்கில் எல்இடி, சுற்று, லென்ஸ் எல்லாவற்றின் இழப்பும் போக ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் வெளியே வரும். எனவே வாட்-மணியை 100ஆல் பெருக்கினால், அந்த விளக்கின் மொத்தக் கையிருப்பு லூமென்-மணியில் கிடைக்கும்.

2,600 எம்ஏஹெச் என்றால் 9.4 வாட்-மணி, 940 லூமென்-மணி. 400 லூமெனில் இரண்டேகால் மணிநேரம், 200 லூமெனில் நாலரை மணிநேரத்துக்குச் சற்று மேல்.

இப்போது '1,000 லூமென், 2,000 எம்ஏஹெச், 4 மணிநேரம்' என்று ஒரு பெட்டி சொல்கிறது என்று வையுங்கள். கையிருப்பு 720. கேட்பது 4,000. ஐந்தரை மடங்கு! லூமென் பொய்யாக இருக்கலாம். அல்லது பத்து நிமிடத்தில் 300க்கு இறங்கி, பிறகு மெல்ல மெல்ல மங்கி நாலு மணிநேரத்தை ஓட்டும். இரண்டாவது வகை பொய்கூட இல்லை. எஃப்எல்1 தரமுறையில், வெளிச்சம் தொடக்க அளவின் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரத்தை 'எரியும் நேரம்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆகவே எரியும் நேரத்தோடு, நேரத்துக்கு எதிராக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடம் கொடுக்கும் தயாரிப்பை நம்புங்கள். கோடு நெடுந்தூரம் சமமாகப் போய்க் கடைசியில் விழுந்தால் உள்ளே நல்ல மின்கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது. முதலிலிருந்தே சரிவு என்றால் இல்லை.

பேட்டரி வகையில் மூன்று தேர்வுகள். உள்ளேயே மூடி வைத்தது: சின்னது, நீர் புகாது, ஆனால் பேட்டரி செத்தால் விளக்கும் போயிற்று. கழற்றி மாற்றக்கூடிய 18650 செல்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், சுமார் 46 கிராம், உபரி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக ஏஏ அளவு ரீசார்ஜ் செல்கள்: இவற்றின் வோல்ட் குறைவு என்பதால் 2,000 எம்ஏஹெச் உள்ளவை நாலு சேர்ந்தால்தான் ஒரு 2,600 எம்ஏஹெச் 18650-க்குச் சமம், எடை இருமடங்குக்கு மேல். ஏஏ-வின் பலம், எங்கும் கிடைக்கும் என்பது மட்டுமே.

18650 செல்லில் 9,900 எம்ஏஹெச் என்று எழுதியிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த அளவுச் செல்லில் பொதுவாகக் கிடைக்கும் உச்சம் 3,500 சுற்றுவட்டாரத்தில்தான். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் போலி பெரும்பாலும் 35 கிராமைக்கூடத் தொடாது.

5. குளிருக்குக் கழித்துக்கொள்ளுங்கள்

பெட்டியில் உள்ள நேரம் அறை வெப்பநிலையில் அளந்தது. லித்தியம் அயான் பேட்டரி 0 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு போல இழக்கும்; மைனஸ் 10-இல் கால்பங்கு வரை. செல்லைப் பொறுத்து இது கூடும், குறையும். பேட்டரியில் மின்சாரம் காணாமல் போவதில்லை. உள்தடை ஏறி, மின்னழுத்தம் சீக்கிரம் சரிந்து, 'காலி' என்று விளக்கு தானே அணைத்துக்கொள்கிறது. உள்ளே கொண்டுவந்து சூடேறியதும் மறுபடி எரிந்தால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

குளிருக்குக் கால்பங்கு, பேட்டரி கிழடு தட்டுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் மிஞ்சுவது 60 சதவீதம். நாளொன்றுக்கு 80 நிமிடம் இருட்டில் ஓட்டுகிறீர்கள், 300 லூமென் வேண்டும், தினமும் சார்ஜ் போடுவீர்கள் என்று கொள்வோம். 80-ஐ 0.6ஆல் வகுத்தால் 133 நிமிடம். அதற்கு 667 லூமென்-மணி, அதாவது 1,850 எம்ஏஹெச். ஆக 2,000 எம்ஏஹெச் விளக்கு சரியாக இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் சார்ஜ் போடுவேன் என்றால் 3,700 வேண்டும். அப்போது இரட்டைச் செல் விளக்கு, எடையும் விலையும் ஏறும். தினமும் சார்ஜ் போடும் பழக்கம்தான் விளக்கைச் சின்னதாகவும் மலிவாகவும் வைத்திருக்கும்.

சைக்கிள் வெளியே நின்றால் விளக்கைக் கழற்றி உள்ளே எடுத்துச் செல்லுங்கள். திருட்டும் தடுக்கப்படும், அடுத்த ஓட்டத்தைப் பேட்டரியும் குளிராமல் தொடங்கும்.

எக்காரணம் கொண்டும் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள். அந்தக் குளிரில் லித்தியம் எதிர்மின்வாய்க்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உட்புறக் குறுக்குச்சுற்று அபாயமும் உண்டு. பனியிலிருந்து உள்ளே வந்த விளக்கை ஒரு மணிநேரம் அறையில் விடுங்கள். மேலே படிந்த ஈரம் காய்ந்த பிறகு மூடியைத் திறந்து கேபிளைச் செருகுங்கள்.

6. கிளாம்ப், ஸ்ட்ராப், கையுறை

ஹேண்டில்பாரின் விட்டத்தை விளக்கு மாட்டப்போகும் இடத்திலேயே அளந்துகொள்ளுங்கள். நடுவில் 31.8 அல்லது 25.4, பிடி அருகே 22.2 மில்லிமீட்டர் என்பது வழக்கம். சில மலைச் சைக்கிள்களில் 35. தட்டையான ஏரோ ஹேண்டில்பாரில் வட்டக் கிளாம்ப் நிற்காது. முன்கூடை இருந்தால் ஹேண்டில்பாரே வேண்டாம்; வெளிச்சம் கூடைக் கம்பியில் விழுந்து சாலையில் நிழல் வலை பின்னும். கூடையின் முன்பக்கமோ ஃபோர்க்கின் தலைப்பகுதியோதான் வழி.

ரப்பர் ஸ்ட்ராப் எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும், ஆனால் குளிரில் விறைத்துப்போகும். துளை ஓரத்தில் முதலில் மயிரிழை விரிசல் வரும். அடுத்த வாரம் பள்ளத்தில் இறங்கும்போது விளக்கு தரையில் கிடக்கும். கனமான விளக்கென்றால் ஸ்ட்ராப் மெல்லச் சுழன்று, குலுங்கும்போதெல்லாம் ஒளி கீழே குனியும். 100 கிராமுக்கு மேல் என்றால் திருகுக் கிளாம்ப் வாங்குங்கள். ஸ்ட்ராப்தான் என்றால், உபரியாகத் தனியே விற்கிறார்களா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஐந்து விரலளவு ரப்பர் கிடைக்காததால் நல்ல விளக்கு குப்பைக்குப் போவதைவிட எரிச்சல் வேறில்லை.

பட்டனைத் தடித்த கையுறையோடு அழுத்திப் பாருங்கள். கேஸோடு சமமாக அமிழ்ந்த பட்டன் குளிர்காலத்துக்கு ஆகாது. மோட் மாறும் வரிசையும் முக்கியம்: அதிகத்திலிருந்து குறைவுக்குப் போக நடுவில் 'அணைப்பு' வந்தால் இருட்டுச் சாலையில் ஒரு நொடி குருடாவீர்கள். அணைக்க நீண்ட அழுத்தம், மாற்றச் சின்ன அழுத்தம் என்று பிரித்திருப்பதே சரி. பைக்குள் தானே எரிந்து காலியாகாமலிருக்கப் பூட்டு வசதி இருந்தால் நல்லது.

மினுக்கும் மோட் பகலுக்கு. இரவில் மினுக்கும் ஒளியை வைத்துச் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று மற்றவர்களால் கணிக்க முடியாது, உங்களுக்கும் பாதை விட்டுவிட்டுத் தெரியும். ஜெர்மனியில் முன்விளக்கு மினுக்கவே கூடாது. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. தண்ணீரும் சார்ஜ் துளையும்

தண்ணீர்த் தடுப்பைக் காட்டும் ஐபி குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். மழைக்கு இதுவே போதும். ஐபிஎக்ஸ்5, 6 பீய்ச்சும் நீருக்கு. ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணிநேரம். 7 பெரிய எண் என்பதால் 5, 6 எல்லாம் அதற்குள் அடக்கம் என்று நினைக்காதீர்கள். அமிழ்த்தும் சோதனையும் பீய்ச்சும் சோதனையும் தனித்தனி.

உண்மையில் தண்ணீர் புகுவது சார்ஜ் துளையின் ரப்பர் மூடி வழியாகத்தான். மூடி விளக்கின் அடியில் இருந்தால் முன்சக்கரம் தெறிக்கும் உப்புச் சேறு நேராக அதில் படும். மேலே இருந்தால் மழை தேங்கும். பின்பக்கம் இருப்பது உத்தமம். விரல்நகத்தால் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். 'டப்' என்று உட்கார வேண்டும். தானாகப் பாதி எழும்பி நின்றால் விட்டுவிடுங்கள்.

யூஎஸ்பி-சி துளை இருக்கிறது என்று சந்தோஷப்படும் முன் ஒரு சோதனை. மலிவுத் தயாரிப்பில் இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகளை மிச்சம்பிடித்துவிடுவார்கள். விளைவு, இரண்டு முனையும் சி உள்ள கேபிளில் விளக்கு சார்ஜ் ஆகாது. ஒரு முனை பழைய தட்டை ஏ வகையாக உள்ள கேபிளில் மட்டும் ஆகும். விளக்கு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பெட்டியோடு வந்த கேபிளைத் தூக்கி எறியாதீர்கள்.

சார்ஜ் நேரத்தையும் பாருங்கள். 2,600 எம்ஏஹெச்சை அரை ஆம்பியரில் ஏற்றினால் ஆறு மணிநேரம், ஒரு ஆம்பியரில் மூன்றிலிருந்து மூன்றரை. வேலையிடத்தில் மதியம் ஒரு மணிநேரம் மட்டும் செருக முடியும் என்றால் இந்த வித்தியாசம் பெரிது.

8. தாள்கள், செலவு, காலம்

பெட்டியில் அல்லது கையேட்டில் இருக்க வேண்டியவை: பேட்டரியின் எம்ஏஹெச் அல்லது வாட்-மணி, மோட் வாரியாக லூமெனும் நேரமும், ஐபி எண், சார்ஜ் போடலாம் என்ற வெப்பநிலை எல்லை. கடைசியானது அச்சாகியிருந்தால், தயாரித்தவர்களுக்குப் பேட்டரி பற்றித் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். யூஎன் 38.3 என்பது லித்தியம் பேட்டரியை அனுப்புவதற்கான சோதனை, ஐஇசி 62133 செல்லின் பாதுகாப்புக்கான தரம். இரண்டில் ஒன்றாவது குறிப்பிட்டிருக்க வேண்டும்.

உத்தரவாதத் தாளில் பேட்டரிக்குத் தனிக் காலவரம்பு போட்டிருப்பார்கள். விளக்குக்கு இரண்டு ஆண்டு, பேட்டரிக்கு ஆறு மாதம் என்பது போல. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஓராண்டில் வெளுத்துவிடும்.

ஒதுக்கிய பணம் முழுவதையும் முன்விளக்கில் போடாதீர்கள். பத்துப் பங்கு என்று வைத்தால் ஆறு முன்விளக்குக்கு, இரண்டு பின்விளக்குக்கு, ஒன்று அவசரத்துக்கான ஒரு குட்டி விளக்குக்கு, மிச்சம் ஸ்ட்ராப்புக்கும் கேபிளுக்கும். அந்தக் குட்டி விளக்கு பொத்தான் செல்லில் ஓடுவதானால் குளிரில் அதுவும் சோர்ந்துபோகும். சட்டைப்பைக்குள் உடல் சூட்டில் வைத்திருங்கள்.

இருட்டுக்காலம் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே வாங்குங்கள். தேவை ஏறும்போது மலிவு மாடல்கள் முதலில் தீரும். சோதித்துத் திருப்பிக் கொடுக்கவும் அவகாசம் வேண்டும். போன ஆண்டு மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், ஆனால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அலமாரியில் கிடந்தாலும் பேட்டரிக்கு வயது ஏறும்.

9. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் செய்ய வேண்டிய சோதனை

முழுச் சார்ஜ் ஏற்றி, இருட்டறையில் சுவரைப் பார்த்து எரியவிடுங்கள். முன்னால் ஒரு மின்விசிறி சுழலட்டும்; ஓடும் சைக்கிளில் காற்று விளக்கைக் குளிர்விக்கும், அறையில் அது இல்லாவிட்டால் சூடேறித் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் விளக்கைத் தப்பாகக் குறை சொல்வீர்கள். கைபேசியை அசையாமல் நிறுத்தி, எக்ஸ்போஷரைப் பூட்டி, 15 நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். பூட்டாவிட்டால் கேமரா தானே சரிசெய்து எல்லாப் படத்தையும் ஒரே வெளிச்சமாகக் காட்டிவிடும். பெட்டியில் சொன்ன நேரத்தில் பாதியை எட்டுமுன்பே சுவர் மங்கிவிட்டால் அந்தப் படங்களே உங்கள் ஆதாரம்.

அடுத்து, விளக்கைக் காற்றுப் புகாத பையில் போட்டு இரண்டு மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்து எடுத்து எரியவிட்டுப் பாருங்கள். உறைபெட்டியில் வேண்டாம். பட்டன் விறைக்கிறதா, உயர் மோட் உடனே குறைகிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும்.

10. சாய்வைச் சரிசெய்வது

சமதளத்தில் சைக்கிளை நிறுத்தி, விளக்கு ஒரு சுவரிலிருந்து 5 மீட்டரில் இருக்கும்படி வையுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் விளக்கின் உயரத்தைச் சுவரில் குறிக்கட்டும்.

நேர்கோட்டு விளிம்பு உள்ளது என்றால், அந்தக் கோடு குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் வெளிச்சம் 50 மீட்டர் வரை எட்டும், யார் கண்ணுக்கும் போகாது. வட்ட ஒளி என்றால் நடுப்புள்ளி குறிக்கு 40 சென்டிமீட்டர் கீழே; அப்போது மையம் சுமார் 12 மீட்டரில் தரையைத் தொடும். வேகமாக ஓட்டுகிறவர் 30 சென்டிமீட்டருக்கு உயர்த்தலாம், அதற்கு மேல் உயர்த்தினால் எதிரே வருபவர் திட்டுவார். சரியான இடம் கிடைத்ததும் கிளாம்ப் விளிம்பை ஒட்டி ஹேண்டில்பாரில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

11. ஓடும் பருவத்தில்

எல்இடி விளக்கின் முன்கண்ணாடி சூடாகாது. அதனால் ஈரப் பனி அதில் ஒட்டினால் உருகாமல் தடித்துக்கொண்டே போகும். 'சார்ஜ் இறங்கிவிட்டது போல' என்று தோன்றினால் முதலில் கையுறையால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். உப்பு தூவிய சாலையில் போய்வந்த நாளில் ஈரத்துணியால் விளக்கையும் கிளாம்ப் திருகையும் துடையுங்கள். சார்ஜ் மூடியின் ஓரத்தில் மாதம் ஒருமுறை கடுகளவு சிலிகான் கிரீஸ் தடவினால் ரப்பர் வறளாது. பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம், சில ரப்பர்களை அது ஊதவைத்துவிடும்.

வெயில்காலம் வந்து விளக்கை எடுத்துவைக்கும்போது முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதியளவு ஏற்றி, பூட்டு மோடில் போட்டு, வெயில் படாத இழுப்பறையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் அரை மணிநேரம் சார்ஜ் போட்டு மறுபடி உள்ளே வையுங்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றித் தனியே வைத்தால் இழுபட்டுக் கிடந்து தளராது.